பைதன் செய்நிரலில் புறக்கட்டளைகளை இயக்குதலும் வழு வெளியீட்டைக் கையாளுதலும்

மாணவர்களே! உள்ளீடு, முறைவழியாக்கம், வெளியீடு என்னும் மூன்று படிகளையும் நீங்கள் ஏற்கனவே கற்றிருக்கிறீர்கள். சாவிப்பலகையினால் தரவு உள்ளே செல்லும், கணினித்திரையில் தகவல் வெளியே வரும் என்று எழுதினால் புள்ளியும் கிடைக்கும். ஆனால் திரையில் தோன்றுபவை எல்லாம் ஒரே வாசலால் வருவதில்லை. ஒரு செய்நிரலுக்கு வெளியீட்டு வழிகள் இரண்டு உண்டு. ஒன்று விடை வரும் வழி, மற்றையது முறைப்பாடு வரும் வழி. இந்த இரண்டாவது வழியைப் பற்றியதே இப்பாடம்.

இது சாதாரண தரப் பரீட்சையில் நேரடியாக வினவப்படும் பகுதியன்று. எனினும் உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தைத் தெரிவு செய்ய இருப்பவர்கள் பைதன் மொழியில் செய்நிரல் எழுத வேண்டியிருக்கும். அத்துடன் வழுக்களை இனங்காணல் பற்றி நீங்கள் இப்போது கற்பதற்கு இது நல்லதோர் உதாரணம். நான் ஒரு கலைப்பட்டதாரி. கணினி விஞ்ஞானம் பயின்று வந்தவனல்ல. ரியூசன் வகுப்பு வேலைகளுக்காகத் தேவைப்பட்டதைத் தேவைப்பட்டபோது கற்றுக்கொண்டேன். ஆகவே எந்த இடத்தில் கால் இடறும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

கவனிக்க: பைதன் மொழிக்குரிய சொற்களை இங்கே தமிழ் எழுத்திலேயே தந்துள்ளேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில், பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாட்டுடன் தட்டச்சுச் செய்ய வேண்டும்.

புறக்கட்டளை என்றால் என்ன?

கோப்பைப் பிரதி செய்தல், கோப்புறைகளைப் பட்டியலிடல், வீடியோக் கோப்பை வேறு வடிவத்துக்கு மாற்றல் போன்ற வேலைகளுக்கு ஏற்கனவே எழுதப்பட்ட செய்நிரல்கள் கணினியில் உள்ளன. நாம் எழுதும் பைதன் செய்நிரல் அவற்றுள் ஒன்றை அழைத்து வேலை செய்விக்கலாம். அவ்வாறு வெளியிலிருந்து அழைக்கப்படும் கட்டளையே புறக்கட்டளை. உதாரணமாக, லினக்ஸ் பணிசெயல் முறைமையில் கோப்புகளைப் பிரதி செய்யும் கட்டளை சீபீ ஆகும்.

அழைக்கும் செய்நிரலைத் தாய் என்றும் அழைக்கப்படும் கட்டளையைப் பிள்ளை என்றும் கூறுவது வழக்கம். தாய் பிள்ளையைக் கடைக்கு அனுப்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளை திரும்பி வரும்போது தாய் அறிய வேண்டியவை மூன்று: என்ன பொருள் கொண்டு வந்தது, ஏதும் சிக்கல் இருந்ததாகச் சொல்கிறதா, போன காரியம் முடிந்ததா இல்லையா. பணிசெயல் முறைமையும் இந்த மூன்றையும் தனித்தனியாகவே தருகிறது.

ஒவ்வொரு செய்நிரலும் தொடங்கும்போது அதற்கு மூன்று வழிகள் திறந்து கொடுக்கப்படும். அவற்றின் இலக்கங்கள் 0, 1, 2 ஆகும். 0 நியம உள்ளீடு. 1 நியம வெளியீடு, பைதன் மொழியில் எஸ்ரிடிஅவுட். 2 நியம வழு வெளியீடு, அதாவது எஸ்ரிடிஎறர். சாதாரணமாக 1 உம் 2 உம் ஒரே திரையில் வந்து விழுவதால் நமக்கு வேறுபாடு தெரிவதில்லை. இவை தவிர, செய்நிரல் முடியும்போது ஓர் எண்ணையும் விட்டுச் செல்லும். அது முடிவெண். 0 எனின் வெற்றி, வேறு எண் எனின் ஏதோ ஒன்று நடந்திருக்கிறது என்பது பொது வழக்கு.

வழுவுக்குத் தனிவழி ஏன் வந்தது?

இதற்குச் சுவையான ஒரு வரலாறு உண்டு. 1970களில் ஐக்கிய அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் யுனிக்ஸ் பணிசெயல் முறைமையை உருவாக்கியவர்கள் ஆவணங்களை ஒளி அச்சுக்கோப்பு இயந்திரமொன்றுக்கு அனுப்பி அச்சிட்டு வந்தனர். இயந்திரத்திலிருந்து வரும் நீண்ட தாளை, நாற்றமடிக்கும் இன்னோர் இயந்திரத்தில் இட்டுப் பல நிமிடம் காத்திருந்தால்தான் எழுத்துத் தெரியும். அக்காலத்தில் வழுச்செய்திக்கெனத் தனிவழி இருக்கவில்லை. ஒரு நாள் பலருக்கும் ஒரே அனுபவம். காத்திருந்து எடுத்த தாளில் ஆவணம் இல்லை. கோப்பைத் திறக்க முடியவில்லை என்ற ஒற்றை வரி மாத்திரம் மிக அழகாக அச்சிடப்பட்டிருந்தது! வழுச்செய்தியும் விடையோடு சேர்ந்து அதே வழியால் அச்சு இயந்திரத்துக்குப் போய்விட்டது. அங்கு பணியாற்றிய ஸ்ரீவ் ஜோன்சன் பிற்காலத்தில் இதனை நினைவுகூர்ந்துள்ளார். எல்லோரும் முணுமுணுக்க, சில நாட்களில் வழு வெளியீடு தனி வழியாக்கப்பட்டது. நாம் இன்று பாவிக்கும் 2 ஆம் வழி இதுவே.

பைதன் மொழியில் இயக்கும் முறை

பழைய முறை ஓஎஸ் மொட்யூலில் உள்ள சிஸ்ரம் என்னும் செயற்கூறாகும். அது கட்டளையை இயக்கும், முடிவு பற்றிய எண்ணைத் தரும். ஆனால் கட்டளை சொன்னவற்றை நமது மாறியில் பிடித்துத் தராது, அவை நேரே திரைக்குப் போய்விடும். 2004 இல் வெளியான பைதன் 2.4 பதிப்பில் சப்புறோசஸ் என்னும் மொட்யூல் சேர்க்கப்பட்டது. அதில் உள்ள றன் என்ற செயற்கூறு 2015 இல் 3.5 பதிப்புடன் வந்தது. புதிதாகக் கற்பவர்கள் றன் ஒன்றைப் பழகினால் போதும்.

றன் செயற்கூறுக்குக் கட்டளையை ஒரு பட்டியலாகக் கொடுக்க வேண்டும். பட்டியலின் முதலாவது உறுப்பு கட்டளையின் பெயர், பின்வருவன கோப்புகளின் பெயர்கள். கட்டளை முழுவதையும் ஒரே சரமாக எழுதி, ஷெல் என்பதற்கு ட்ரூ எனப் பெறுமானம் இட்டும் இயக்கலாம். ஆனால் கோப்பின் பெயரில் இடைவெளியோ அரைப்புள்ளியோ இருந்தால் ஷெல் அதைத் தவறாகப் பொருள்கொள்ளும். பிறர் தட்டச்சுச் செய்யும் பெயரை அவ்வாறு இடுவது ஆபத்தானதுமாகும். பட்டியலே பாதுகாப்பானது.

இனி முக்கியமான இடம். வேறொன்றும் குறிப்பிடாமல் றன் எனக் கூறினால் வெளியீடுகள் இரண்டும் திரைக்கே செல்லும். அவற்றை நாம் பெற வேண்டுமாயின் கப்சர்_அவுட்புட் என்பதற்கு ட்ரூ எனப் பெறுமானம் இட வேண்டும். இது 2018 இல் வந்த 3.7 பதிப்பிலிருந்து உள்ளது. ரெக்ஸ்ற் என்பதற்கும் ட்ரூ என இடுக. இடாவிட்டால் நமக்குக் கிடைப்பது எழுத்துகளல்ல, பைற்றுகள். தமிழ்ப் பெயருள்ள கோப்பு ஒன்றைப் பற்றி வழுச்செய்தி வந்தால் இந்த வேறுபாடு உடனே தெரியும். யூரிஎஃப் 8 குறிமுறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைற்று. ஆகவே ஒரு சிறிய பெயர்கூட விளங்காத குறிகளின் நீண்ட வரிசையாகத் தோன்றும். விண்டோஸ் கணினியில் சில வேளைகளில் என்கோடிங் என்பதையும் தனியே குறிப்பிட வேண்டி வரும்.

றன் முடிந்ததும் ஒரு பொருளைத் திருப்பித் தரும். அதனை விடை என்ற மாறியில் இடுவோம். (பைதன் 3 இல் மாறியின் பெயரைத் தமிழிலேயே இடலாம், அதற்கு ஆங்கிலம் வேண்டியதில்லை.) இப்போது விடை.எஸ்ரிடிஅவுட், விடை.எஸ்ரிடிஎறர், விடை.றிற்றேர்ன்கோட் என மூன்றும் நம் கையில் உள்ளன. கடையிலிருந்து வந்த பிள்ளையிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளும் இவைதான்.

நான் விட்ட பிழை

எனது வகுப்பில் 38 பிள்ளைகள். வாராந்தப் பரீட்சைப் புள்ளிகளையும், ஒவ்வொருவரும் எந்தப் பகுதியில் புள்ளி இழக்கிறார் என்ற குறிப்பையும் மடிகணினியில் வாரத்துக்கு ஒரு கோப்பாக வைத்திருந்தேன். வகுப்பு முடிந்ததும் ஒரு சிறிய பைதன் செய்நிரல் அக்கோப்புறையில் உள்ள எல்லாவற்றையும் சீபீ மூலம் பென்ட்ரைவுக்குப் பிரதி செய்யும். கடைசி வரியில் "பிரதி எடுக்கப்பட்டது" என்று திரையில் காட்டும்.

அக்கோப்புறைக்குள் பழைய வினாத்தாள்கள் கொண்ட உப கோப்புறை ஒன்றும் இருந்தது. சீபீ கட்டளையிடம் உள்ளே புகுந்து பிரதி செய் என்று தனியாகச் சொல்லாவிட்டால் அது கோப்புறைகளை விட்டுவிடும். விட்டுவிட்டேன் என்று 2 ஆம் வழியால் ஒரு வரி சொல்லும். பழைய வினாத்தாள்கள் எனக்குத் தேவையில்லை, ஆகவே இது தீங்கற்ற செய்தி. ஆனால் ஒவ்வொரு முறையும் திரையில் அதைப் பார்க்க எரிச்சலாக இருந்தது. வழு வெளியீட்டை டெவ்நல் என்பதற்கு அனுப்பினால் செய்தி வராது என்று எங்கோ வாசித்தேன். அனுப்பினேன். திரை சுத்தமாகியது, எனக்கும் திருப்தி.

டெவ்நல் என்பது அடியில்லாக் கிணறு. அதற்குள் போட்டது திரும்பி வராது. சில வாரங்களின் பின் பென்ட்ரைவ் நிரம்பிவிட்டது. சீபீ தன் கடமையைச் செய்தது: சாதனத்தில் இடமில்லை என்று ஒவ்வொரு கோப்புக்கும் முறையிட்டது. அவ்வளவும் கிணற்றுக்குள் போயிற்று. எனது செய்நிரலோ வழமைபோல் "பிரதி எடுக்கப்பட்டது" என்று காட்டியது. மூன்று வாரம் அப்படியே சென்றது. பிறகு மடிகணினியின் வன்றட்டு பழுதடைந்தது.

பென்ட்ரைவைத் திறந்தால் அந்த மூன்று வாரக் கோப்புகளும் பெயரளவில் இருந்தன. பருமன் 0 பைற்று. பெயரை உருவாக்கும்வரை இடம் போதுமாயிருந்தது, உள்ளே எழுத இடமில்லை. பெயர் இருக்கிறதே என்று பார்த்து ஆறுதலடைந்தவன், திறந்து பார்த்தபோதுதான் நடந்ததை விளங்கிக்கொண்டேன். பிள்ளைகளிடம் விடைத்தாள்களைத் திரும்பக் கொண்டு வரும்படி கேட்டேன். பலர் கொண்டு வந்தார்கள். ஆறு பேர் எறிந்துவிட்டார்கள். அவர்கள்மீது குற்றமில்லை, தாளைத் திருத்திக் கொடுத்தபின் புள்ளியைப் பாதுகாப்பது என்னுடைய வேலை. அவர்களில் ஒருவர் கணிதத்தில் எங்கே தொடர்ந்து தவறு விடுகிறார் என்று நான் எழுதியிருந்த குறிப்பு பரீட்சைக்கு ஆறு வாரம் இருக்கையில் இல்லாமற் போனது. அதை மறுபடி கண்டுபிடிக்க இரண்டு வாரம் பிடித்தது.

எனது செய்நிரலில் தொடரியல் வழு இல்லை. ஒருபோதும் நடுவில் நின்றதுமில்லை. நின்றிருந்தால் நான் கவனித்திருப்பேன்.

முடிவெண்ணை மட்டும் பார்த்திருந்தால் போதாதா?

சிலர் இவ்வாறு கேட்பீர்கள். எனது விடயத்தில் போதாது. உப கோப்புறையை விட்டுவிட்டாலும் சீபீயின் முடிவெண் 1. பென்ட்ரைவ் நிரம்பினாலும் 1. தொடக்கத்திலிருந்தே அது 1 ஆகவே இருந்திருக்கும். தீங்கற்ற செய்தியையும் ஆபத்தான செய்தியையும் வேறுபடுத்திக் காட்டியது எஸ்ரிடிஎறர் சொன்ன வசனம் மாத்திரமே. அதைத்தான் நான் கிணற்றில் போட்டேன்.

சரியான பரிகாரம் செய்தியை மறைப்பது அல்ல, செய்திக்கான காரணத்தை நீக்குவது. இப்போது பழைய வினாத்தாள்களை வேறிடத்தில் வைத்திருக்கிறேன். கோப்புகளின் பெயர்களை மாத்திரமே சீபீக்குக் கொடுக்கிறேன். ஆகவே எல்லாம் சரியாக நடந்தால் முடிவெண் 0. 0 அல்லாத எது வந்தாலும் அது நான் பார்க்க வேண்டிய விடயம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. எஸ்ரிடிஎறரில் ஏதாவது வந்துவிட்டால் உடனே தோல்வி என்று முடிவு செய்வதும் தவறு. வீடியோக் கோப்புகளை மாற்றும் எஃப்எஃப்எம்பெக் என்ற செய்நிரல் தனது முன்னேற்றச் செய்திகள் எல்லாவற்றையும் இந்த வழியாலேயே அனுப்பும். வேலை வெற்றியாக முடிந்தாலும் அங்கே நிறைய வரிகள் இருக்கும். விடைக்குரிய வழியைத் துப்புரவாக வைத்திருப்பதற்காக அவ்வாறு செய்கிறார்கள். ஆகவே வெற்றியா தோல்வியா என்பதை முடிவெண்ணிடம் கேளுங்கள். ஏன் தோல்வி என்பதை எஸ்ரிடிஎறரிடம் கேளுங்கள்.

முடிவெண்ணும் எல்லாக் கட்டளைக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை. கோப்புக்குள் ஒரு சொல்லைத் தேடும் கிறெப் கட்டளை, சொல் இருந்தால் 0, இல்லாவிட்டால் 1, உண்மையான வழு நேர்ந்தால் 2 எனத் தரும். சொல் இல்லை என்பது வழுவல்ல, அதுவும் ஒரு விடைதான். விண்டோஸில் உள்ள றோபோகொப்பி இன்னும் விசித்திரமானது. அது கோப்புகளை வெற்றியாகப் பிரதி செய்துவிட்டு 1 என்று சொல்லும். 8 அல்லது அதற்கு மேல் வந்தால்தான் தோல்வி. லினக்ஸில் இயங்கும்போது பைதன் தரும் முடிவெண் மறையாகவும் இருக்கலாம். -9 எனின், கட்டளை தானாக முடியவில்லை, இடைநடுவே பலவந்தமாக நிறுத்தப்பட்டது என்று பொருள். ஆகவே புதிய கட்டளை ஒன்றைப் பாவிக்குமுன் அதன் முடிவெண்களின் பட்டியலை ஒருமுறை வாசியுங்கள்.

செக் என்னும் காவலாளி

ஒவ்வொரு தடவையும் முடிவெண்ணைப் பரிசோதிக்க மறந்துவிடுவோம் என்றால், றன் செயற்கூறில் செக் என்பதற்கு ட்ரூ என இடலாம். முடிவெண் 0 அல்லாவிட்டால் பைதன் அடுத்த வரிக்குப் போகாது. கோல்ட்புறோசஸ்எறர் என்னும் விதிவிலக்கை எழுப்பும். அந்த விதிவிலக்கிலும் எஸ்ரிடிஎறர், றிற்றேர்ன்கோட் ஆகியன இருக்கும். நாம் வழு வெளியீட்டைப் பிடித்து வைத்திருந்தால் அதன் வசனத்தை எடுத்து வாசிக்கலாம். கவனிக்க: அந்த விதிவிலக்கு இயல்பாகக் காட்டும் செய்தியில் கட்டளையின் பெயரும் முடிவெண்ணும்தான் இருக்கும். கட்டளை சொன்ன காரணத்தை நாமே எடுத்துக் காட்ட வேண்டும். பலர் இதைச் செய்யாமல் விட்டு, ஏன் நின்றது என்று தெரியாமல் அல்லற்படுவார்கள்.

கட்டளையே கணினியில் இல்லாவிட்டால்? அப்போது பிள்ளை வீட்டை விட்டுப் புறப்படவே இல்லை. முடிவெண்ணும் இல்லை, எஸ்ரிடிஎறரும் இல்லை. பைதன் ஃபைல்நொட்ஃபவுண்ட்எறர் என்ற வேறு விதிவிலக்கை எழுப்பும். விண்டோஸ் கணினியில் கொப்பி என்ற கட்டளையைப் பட்டியலில் கொடுத்தாலும் இதே கதிதான். அது தனிச் செய்நிரல் அன்று, கட்டளைச் சாளரத்துக்குள் அடங்கிய ஒன்று.

கட்டளை முடியாமல் தொங்கிக்கொண்டிருந்தால் ரைம்அவுட் என்பதற்குச் செக்கன்களில் ஒரு பெறுமானம் இடலாம். நேரம் கடந்தால் றன் கட்டளையை நிறுத்திவிட்டு, அதற்கும் ஒரு விதிவிலக்கை எழுப்பும்.

இவற்றைச் சேர்த்துப் போலிக்குறிமுறையில் எழுதினால் பின்வருமாறு அமையும்.

தொடக்கம்
கட்டளையை இயக்கு, இரு வெளியீடுகளையும் பிடி
கட்டளை இல்லை எனின்
"கட்டளை கணினியில் இல்லை" எனக் காட்டு, நிறுத்து
முடிவெண் = 0 எனின்
பிரதியான கோப்புகளின் பருமனை மூலக் கோப்புகளுடன் ஒப்பிடு
பருமன் சமன் எனின் "பிரதி எடுக்கப்பட்டது" எனக் காட்டு
இல்லையெனின் "பருமன் வேறுபடுகிறது" எனக் காட்டு
இல்லையெனின்
"பிரதி எடுக்கப்படவில்லை" எனக் காட்டு
முடிவெண்ணையும் வழு வெளியீட்டையும் காட்டு
அவற்றைத் திகதியுடன் ஒரு கோப்பில் எழுது
முடிவு

பருமனை ஒப்பிடும் வரி பைதன் மொழிக்கு அவசியமானதன்று. அதை 0 பைற்றுக் கோப்புகளைக் கண்ட ஒருவன் எழுதியதாகக் கொள்க.

இரு வழிகளையும் ஒன்றாக்கலாமா?

ஆம். எஸ்ரிடிஎறர் என்பதற்கு சப்புறோசஸ்.எஸ்ரிடிஅவுட் என இட்டால் முறைப்பாடும் விடை வரும் வழியிலேயே வரும். எல்லாவற்றையும் ஒரே பதிவுக் கோப்பில் சேமிக்க இது வசதி. ஆனால் வெளியீட்டிலுள்ள எண்களைக் கூட்டுவதற்கோ பெயர்களைப் பிரிப்பதற்கோ எண்ணியிருந்தால் இவ்வாறு செய்யாதீர்கள். வழுச்செய்தி ஒன்று தரவுகளுக்கு நடுவே புகுந்துவிடும். வரிகளின் ஒழுங்கும் நிச்சயமில்லை. பல செய்நிரல்கள் விடைகளைச் சேர்த்து வைத்து மொத்தமாக அனுப்பும், வழுவை உடனுக்குடன் அனுப்பும். எனவே பின்னர் நடந்த வழு முன்னர் வந்த விடைக்கு மேலே தோன்றலாம்.

இறுதியாக, பீஓபன் என்னும் கீழ்மட்ட முறையைப் பாவிக்க முற்படுவோருக்கு ஓர் எச்சரிக்கை. அதில் வெளியீடுகளைக் குழாய் வழியாக நாமே வாசிக்க வேண்டும். லினக்ஸில் அக்குழாயின் கொள்ளளவு வழமையாக 65,536 பைற்று. நீங்கள் 1 ஆம் வழியை முடியும்வரை வாசித்துக்கொண்டிருக்க, பிள்ளை 2 ஆம் வழியை நிரப்பிவிட்டால் அது மேலே எழுத முடியாமல் நிற்கும். நீங்களோ அது முடிப்பதற்காகக் காத்திருப்பீர்கள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நிற்க, செய்நிரல் உறைந்துவிடும். சிறிய கோப்புகளுடன் சோதித்தபோது சரியாக ஓடிய செய்நிரல் பெரிய கோப்பில் நின்றுவிடுவதற்கு இது ஒரு காரணம். கொமியூனிக்கேற் என்ற செயற்கூறு இரு குழாய்களையும் ஒருங்கே வாசிப்பதால் இச்சிக்கல் வராது. றன் உள்ளுக்குள் அதையே பாவிக்கிறது.

பயிற்சி வினாக்கள்

1. மாணவன் ஒருவன், "எஸ்ரிடிஎறர் வெறுமையாக இருந்தால் வெற்றி, இல்லாவிட்டால் தோல்வி" எனச் செய்நிரல் எழுதியுள்ளான். அவனது முறை தவறான முடிவைத் தரக்கூடிய இரு சந்தர்ப்பங்களைக் கூறுக.

விடை: வெற்றியாக முடிந்தும் முன்னேற்றச் செய்திகளை எஸ்ரிடிஎறரில் எழுதும் கட்டளையைத் தோல்வி எனக் கூறும். எதுவும் எழுதாமல் 0 அல்லாத முடிவெண்ணுடன் முடிந்த கட்டளையை, உதாரணமாகப் பலவந்தமாக நிறுத்தப்பட்ட ஒன்றை, வெற்றி எனக் கூறும்.

2. கிறெப் கட்டளையைச் செக் = ட்ரூ என இயக்கிய செய்நிரல், தேடிய சொல் கோப்பில் இல்லாதபோதெல்லாம் இடைநடுவே நின்றுவிடுகிறது. காரணம் யாது? எவ்வாறு மாற்றி எழுதுவீர்?

விடை: சொல் இல்லாதபோது முடிவெண் 1 ஆவதால் செக் அதனைத் தோல்வியாகக் கொண்டு விதிவிலக்கை எழுப்புகிறது. செக்கை நீக்கி, முடிவெண் 0, 1, ஏனையவை என மூன்று நிலைகளாகப் பிரித்து எழுத வேண்டும்.

3. மேலே தரப்பட்ட போலிக்குறிமுறையைப் பாய்ச்சற் படமாக வரைக. பென்ட்ரைவ் கணினியில் செருகப்படாதிருந்தால் உமது படத்தின் எந்தக் கிளை வழியே செல்லும் எனக் குறித்துக் காட்டுக. இதற்குரிய விடையை நான் தரவில்லை. சீபீ உள்ள கணினியில், செருகப்படாத பென்ட்ரைவின் இடத்தைக் கொடுத்து இயக்கிப் பார்த்து, வரும் முடிவெண்ணையும் வசனத்தையும் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்.